கேட் தேர்வு: கல்லூரிப் பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கான படிப்பு முறை

கேட் (GATE) என்பது எம்.டெக். போன்ற முதுநிலைப் படிப்புகளில் சேரப் பொறியியல் மாணவர்கள் எழுதும் தேர்வு. தக்கலையிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ கல்லூரிப் பேருந்தில் போய்வரும் பிள்ளை வீடு சேர மாலை ஆறாகிவிடும். அவளிடம் "தினமும் எட்டு மணி நேரம் படி" என்றால் பத்து நாளில் சோர்ந்துவிடுவாள். கல்லூரி நாளில் இரண்டரை மணி நேரமும் ஞாயிறன்று ஐந்து மணி நேரமும் போதும். அந்த நேரம் எதில் செலவாகிறது என்று மட்டும் பாருங்கள்.

வீடியோ பார்ப்பது படித்த கணக்கில் வராது. காலை ஐந்து முதல் ஆறரை வரை பாடம். இரவு ஒரு மணி நேரம் அதே பகுதியின் பழைய வினாக்கள், விடையைப் புரட்டாமல். தவறியதைத் தனி நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: சூத்திரம் தெரியவில்லையா, அலகை மாற்ற மறந்தாளா, கேள்வியை அவசரமாக வாசித்தாளா? ஞாயிறன்று அந்த நோட்டிலுள்ள கணக்குகளைத்தான் முதலில் மறுபடி போட வேண்டும்.

தேர்வில் 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். பொது ஆப்டிடியூட்டுக்கு (மொழி, தர்க்கம், எளிய கணக்கு) 15 மதிப்பெண். பெரும்பாலான பொறியியல் தாள்களில் கணிதத்துக்கு 13. இந்த 28-ஐக் கடைசிக்குத் தள்ளுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. முதல் இரண்டு மாதத்திலேயே முடித்துவிடலாம்.

கையில் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் வருவதை மவுஸால் அழுத்த வேண்டும். அதில் டிகிரியா ரேடியனா என்று பார்க்காமல் சைன் 30 போட்டால், 0.5-க்குப் பதில் மைனஸ் 0.988 வந்து நிற்கும். அதனால் மாக் டெஸ்ட் எனும் மாதிரித் தேர்வைக் கைபேசியில் எழுத வேண்டாம். கல்லூரி லேபிலோ வீட்டுக் கணினியிலோ எழுதட்டும்.

ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தவறினால், ஒரு மதிப்பெண் கேள்விக்கு 1/3 மதிப்பெண்ணும், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 2/3 மதிப்பெண்ணும் கழியும். எண்ணை டைப் செய்யும் கேள்விக்கும், பல விடை சரியாக வரும் கேள்விக்கும் கழிவு இல்லை. அவற்றை வெறுமனே விட்டு வரக் கூடாது.

நவம்பர், டிசம்பரில் மழையும் செமஸ்டர் தேர்வும் சேர்ந்து வரும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா தொடங்கி கிறிஸ்துமஸ் வரை வீட்டில் விருந்தாளிகளும் இருப்பார்கள். அப்போது தினம் முக்கால் மணி நேரம், தவறு நோட்டு மட்டும். பாடத்தின் பெரும்பகுதியை அக்டோபருக்குள் முடித்திருந்தால் இது உறுத்தாது. தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில்; ஜனவரியில் வாரம் இரண்டு முழு மாக் டெஸ்ட், மறுநாள் முழுக்க அதன் தவறுகள்.

மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். அதனால் முதல் முறை குறைந்தாலும் பிள்ளையைத் திட்டாதீர்கள், அரியர் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.