தர்குட் மார்ஷலின் வழக்குகள்: கேள்வி பதில்

அமெரிக்கக் குடிமை உரிமைகளுக்காகப் போராடிய வழக்குரைஞரும் பின்னாளில் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியுமான தர்குட் மார்ஷல் (1908–1993) குறித்துப் பலர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: தமக்கு இடம் மறுத்த மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைப் பழிவாங்கவே மார்ஷல் அதன்மீது வழக்குத் தொடுத்தார் என்கிறார்களே?

பதில்: கதையாகச் சொல்வதற்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. பால்டிமோரில் பிறந்த மார்ஷலுக்கு உள்ளூரிலிருந்த அந்தச் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்பது தெரிந்திருந்ததால், வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் போய் வந்து படித்து, 1933இல் முதல் மாணவராகத் தேறினார். அங்கே அவரை உருவாக்கிய ஆசிரியர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன். டொனால்டு மரே என்ற மாணவருக்காக 1935இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின்மீது இருவரும் சேர்ந்து வழக்காடி வென்றனர். மனக்காயம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் அந்த வழக்கைச் சொந்தக் கோபத்தின் கணக்கில் எழுதுவதைவிட, கல்வியில் இனப் பிரிவினையை நீதிமன்றங்கள் வழியே படிப்படியாகத் தகர்க்க ஹியூஸ்டன் வகுத்த நீண்ட திட்டத்தின் ஒரு படியாகப் பார்ப்பதே சரி.

கேள்வி: ஆரம்பப் பள்ளிகளை விட்டுவிட்டு, சிலர் மட்டுமே படிக்கும் சட்டக் கல்லூரிகளில் தொடங்கியது ஏன்?

பதில்: எதிரே நின்றது உச்ச நீதிமன்றத்தின் 1896ஆம் ஆண்டுப் பிளெஸ்ஸி தீர்ப்பு. வசதிகள் சமமாக இருந்தால் இனவாரியாகப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணாகாது என்று அது கூறியிருந்தது. அதை நேரடியாகத் தாக்கித் தோற்றால், அதே தீர்ப்பு இன்னும் உறுதிப்பட்டுவிடும். எனவே மாநிலங்கள் ‘சமம்’ என்று வாய்திறந்து சொல்லவே முடியாத இடத்தில் தொடங்கினர். தென்மாநிலங்கள் பலவற்றில் கறுப்பின மாணவர்களுக்கென்று சட்டக் கல்லூரியே கிடையாது. தரமான சட்டக் கல்வி எது என்பதையும் நீதிபதிகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தபால்காரராகப் பணியாற்றிய ஹீமன் ஸ்வெட் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டு வழக்குத் தொடுத்ததும், டெக்சாஸ் மாநிலம் அவசர அவசரமாகத் தனிக் கல்லூரி ஒன்றைத் திறந்து காட்டியது. கட்டடமும் நூல்களும் மட்டுமல்ல, கல்லூரியின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, பிறரோடு கலந்து விவாதிக்கும் வாய்ப்பு ஆகியவையும் கல்வியின் பகுதிகளே என்று 1950இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே நாளில் வந்த ஓக்லஹோமா தீர்ப்பு, மெக்லாரின் என்ற மாணவரைச் சேர்த்துக்கொண்ட பின்பு வகுப்பிலும் நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் தனியே உட்கார வைத்தது தவறு என்றது. அளவிட முடியாதவற்றையும் சமத்துவத்தின் கணக்கில் சேர்த்த பிறகு பிளெஸ்ஸி நிற்பதற்கு இடமில்லாமல் போயிற்று. என் பார்வையில், 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில், அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளிக்க வழியமைத்தவை இந்த இரண்டும்தான்.

கேள்வி: மனுதாரர்களின் கதி என்னவாயிற்று, ஐயா?

பதில்: புகழ் வழக்குரைஞருக்கு வந்தது, அடி மனுதாரர்களுக்கு விழுந்தது. பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்டவற்றில் ஒன்று, தென் கரோலைனாவின் கிளாரண்டன் மாவட்டத்திலிருந்து வந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பேருந்து கேட்டதில் தொடங்கிய விவகாரம் அது. மனுவில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலைய வேலையை இழந்தார். அவருடைய மனைவியின் வேலையும் போயிற்று. மக்களைத் திரட்டிய டிலேன் பாதிரியாரின் வீடு எரிந்தது. இவற்றையெல்லாம் அறிந்தும் விலகாதவர்கள் கிடைத்திராவிட்டால் மார்ஷலின் வாதத்திறமைக்கு வேலையே இருந்திருக்காது.

கேள்வி: அவர் குற்றவியல் வழக்குகளும் நடத்தினாரா?

பதில்: நடத்தினார், உயிருக்கு ஆபத்து மிகுந்தவையும் அவைதான். புளோரிடாவின் குரோவ்லாந்தில் 1949இல் வெள்ளையினப் பெண் ஒருவரைப் பலாத்காரம் செய்ததாக நான்கு கறுப்பின இளைஞர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவரைத் துரத்திச் சென்ற கும்பல் சுட்டுக் கொன்றது. இருவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை, கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக வழக்காடிய, மார்ஷல் தலைமையிலான அமைப்பின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1951இல் ரத்து செய்தது. மறுவிசாரணைக்கு அழைத்துவரும் வழியில், கைவிலங்கிட்டிருந்த அவ்விருவரையும் மாவட்ட ஷெரீப் சுட்டார். ஷெப்பர்டு இறந்தார், இறந்தவர்போலக் கிடந்த இர்வின் பிழைத்தார். அவருக்காக மார்ஷலே நேரில் வாதாடியும், வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு மறுபடியும் மரண தண்டனைக்கே வழிவிட்டது. 1955இல் ஆளுநர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். நால்வர் மீதான களங்கமும் நீதிமன்றத்தால் நீங்கியது 2021இல்தான்.

கேள்வி: எத்தனை வழக்குகளில் வென்றார்?

பதில்: உச்ச நீதிமன்றத்தில் 32 வழக்குகளில் வாதாடி 29இல் வென்றார் என்பதே பரவலாகக் கூறப்படும் கணக்கு. ராபர்ட் கார்ட்டர், கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி போன்ற உடன் உழைத்தவர்களை மறந்துவிட்டு இந்த எண்ணைச் சொல்லக் கூடாது.

கேள்வி: 1954 தீர்ப்புடன் பள்ளிகளில் பிரிவினை ஒழிந்துவிட்டதா?

பதில்: இல்லை. அதை எப்போதைக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று நீதிமன்றம் 1955இல் காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம், கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதற்குப் பதிலாகத் தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் 1959 முதல் 1964 வரை மூடியே வைத்திருந்தது. 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான மார்ஷல், டெட்ராய்ட் நகரப் பள்ளிகளையும் அதன் புறநகர்ப் பள்ளிகளையும் இணைத்துப் பிரிவினையைத் தீர்க்கும் திட்டத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் 1974இல் நிராகரித்தபோது, அதை எதிர்த்து மாறுபட்ட தீர்ப்பை எழுத வேண்டியிருந்தது.