பேணியால் அளந்தால் மா கூடுமா?

கேள்வி: தேநீர் குடிக்கும் பேணியால் 2 பேணி கோதுமை மா போட்டு பட்டர் கேக் செய்கிறேன். ஒருநாள் பஞ்சுபோல வருகிறது, மறுநாள் கட்டையாகி வெடிக்கிறது. ஏன்?
வாசகி, கிளிநொச்சி

பதில்: பிள்ளை, உங்கள் கைப்பக்குவத்தில் பிழை இல்லை, அளவில்தான் பிழை. மா அமுங்கும் பொருள். பேணியைப் பைக்குள் விட்டு அள்ளினால் மா இறுகிவிடும். 240 மில்லிலீற்றர் கப்பில் அப்படி அள்ளினால் 150 கிராம் வரைகூட வரும். அதே மாவைக் கிளறி, கரண்டியால் மெல்லப் போட்டு, கத்தி முதுகால் வழித்தால் ஏறத்தாழ 125 கிராம்தான். 2 கப்பில் 50 கிராம் வித்தியாசம்! கேக் வறண்டு வெடிக்க அது போதும். தேநீர்ப் பேணியும் வீட்டுக்கு வீடு வேறு.

நான் வவுனியாவில் பழைய பேணியோடு பல வருடம் மல்லுக்கட்டினேன். ஒருநாள் 1 கிலோ மாவை அள்ளி அள்ளி எண்ணிப் பார்த்தேன், ஆறரைப் பேணிதான். அரித்துக் கரண்டியால் போட்டபோது எட்டுக்கு மேல் போனது. அன்றே சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். வெறும் கிண்ணத்தை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் மாவைப் போட வேண்டும்.

தராசு இப்போது வாங்க முடியாவிட்டால், சந்தியில் உள்ள கடையில் மாவை 250 கிராம் பைகளாக நிறுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு கேக்குக்கு ஒரு பை. சீனி, பட்டர் இரண்டும் அதே 250 கிராம், முட்டை 5. நிறுத்த பிறகு அரியுங்கள், எடை மாறாது.