5 இரவு உள் அறையா, 3 இரவு பால்கனி அறையா?

கேள்வி: மன்னார்குடியிலிருந்து நான், மனைவி, அப்பா, அம்மா என நான்கு பேர் சிங்கப்பூர் போய், அங்கிருந்து குரூஸ் கப்பலில் போக நினைக்கிறோம். ஜன்னல் இல்லாத உள் அறையில் 5 இரவு, பால்கனி அறையில் 3 இரவு, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. எதை எடுப்பது?

பதில்:

5 இரவை எடுங்கள். ஆனால் அப்பா அம்மா அறைக்கு மட்டும் பால்கனி கிடைக்குமா என்று பாருங்கள். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். நாங்கள் கும்பகோணம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதே மாதிரி சிங்கப்பூர் வழியாகத்தான் போனோம்.

சிங்கப்பூரிலேயே இருப்பவர்களுக்கும் நமக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. நாம் கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே திருச்சி வரை கார், நான்கு மணி நேர விமானம், விசா, முதல் நாள் ராத்திரி தங்க ஓட்டல் என்று நான்கு பேருக்கும் செலவாகிவிடும். கப்பலில் 3 இரவு இருந்தாலும் 5 இரவு இருந்தாலும் அந்தச் செலவு மாறப்போவதில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டு, கப்பல் பழகிவரும் நேரத்தில் இறங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது, இரவுகளை எண்ணாமல் முழுப் பகல்களை எண்ணுங்கள். ஏறும் நாளில் பாதி நேரம் வரிசையிலேயே போகும். கடைசி நாளுக்கு முந்தின ராத்திரியே பெரிய பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலைச் சாப்பாடு முடிந்ததும் இறங்க வேண்டியதுதான். ஆக 3 இரவு என்பது இரண்டு முழுப் பகல், 5 இரவு என்பது நான்கு. இரண்டு இரவு கூடினால் நிஜமான பகல் இரட்டிப்பாகிறது.

3 இரவு அட்டவணையில் பினாங்கு, போர்ட் கிளாங் மாதிரி இரண்டு துறைமுகம் இருந்தால், அந்த இரண்டு பகலிலும் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். கப்பல் ஓடுவது பெரும்பாலும் இருட்டில். காசு கொடுத்து வாங்கிய பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்க்க எப்போது நேரம்? அதுவும் அந்தப் பக்கம் பூமத்திய ரேகைக்கு அருகில், மத்தியானத்தில் பால்கனிக் கதவைத் திறந்தாலே புழுக்கம் முகத்தில் அடிக்கும். விடியலும் சாயங்காலமும்தான் சுகம். நார்வே, அலாஸ்கா மாதிரி கரையோரமாகவே மலையும் பனியும் வரும் வழி என்றால் நானே பால்கனியைத்தான் சொல்வேன்.

உள் அறையைப் பற்றிப் பயம் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் ரூம் போடுகிற மாதிரிதான்: குளிக்க, புடவை மாற்ற, தூங்க. சாப்பாட்டுக் கூடம், நீச்சல் குளம், மேல்தளம், இரவு நிகழ்ச்சி எல்லாம் உள் அறைக்காரருக்கும் பால்கனிக்காரருக்கும் ஒன்றே. விளக்கை அணைத்தால் மட்டும் கும்மிருட்டு, மணி என்ன என்றே தெரியாது. பல கப்பல்களில் டிவியில் ஒரு சேனல் முன்பக்கக் கேமராவை ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும். சத்தத்தை அணைத்துவிட்டு அதை ஓட விடுங்கள், விடிவது அதில் தெரியும்.

இப்போது அப்பா அம்மா விஷயம். பெரியவர்கள் நாள் முழுக்க மேலும் கீழும் அலைய மாட்டார்கள். துறைமுகத்தில் நீங்கள் ஊர் சுற்றும்போது அவர்கள் கப்பலிலேயே இருந்துவிடலாம். மத்தியானம் படுப்பார்கள், நாலு மணிக்கே எழுந்து உட்கார்வார்கள். என் அம்மாவுக்கு அந்த விடியற்காலைக் கடல்தான் பயணத்திலேயே பெரிய விஷயமாக இருந்தது. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி மலாயா போனவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பலில் நம் தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்து ஜனங்கள் எத்தனையோ பேர் டெக் டிக்கெட்டில், திறந்த தளத்தில் பாயை விரித்துப் படுத்துப் போயிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை அம்மா கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அதனால்தான் பெரியவர்கள் அறைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். எந்தத் தளத்தில் எந்த அறை என்று காட்டும் டெக் பிளானை வாங்கிப் பாருங்கள். நடைவழிக்கு ஒரு பக்கம் பால்கனி அறைகளும் எதிர்ப் பக்கம் உள் அறைகளும் இருக்கும் தளங்கள் உண்டு. அவர்களுக்குப் பால்கனி, உங்களுக்கு நேர் எதிரே உள் அறை. காலைக் காபியை எடுத்துக்கொண்டு நீங்களும் அங்கே போய் உட்காரலாம். இப்படி எடுத்தால் 5 இரவுக்கு ஒரு அறையின் வித்தியாசம்தான் கூடும். அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால் அவர்களுக்கு ஜன்னல் மட்டும் உள்ள அறை போதும், ஆனால் இரவைக் குறைக்காதீர்கள். ‘கேரண்டி’ என்று மலிவாகச் சொல்வதை எடுக்க வேண்டாம். அதில் அறை எண்ணைக் கம்பெனிதான் முடிவு செய்யும், எதிரெதிராகக் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. அப்புறம், கப்பல் பாத்ரூமில் பெரும்பாலும் உயர்ந்த வாசற்படி இருக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முட்டிவலி என்றால் படியில்லாத அறை உண்டா என்று முன்பே கேளுங்கள்.

கப்பல் ஆடுமா என்று கேட்பீர்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணையை ஒருபுறம் சுமத்ரா மறைப்பதால் அது பொதுவாக அமைதியான கடல்தான். அப்படியும் வீட்டில் யாருக்காவது சந்தேகம் என்றால், நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் படகில் ஒரு தடவை போய் வாருங்கள். சுமார் நான்கு மணி நேரம், திறந்த கடல். அதைவிட நல்ல ஒத்திகை நமக்குப் பக்கத்தில் இல்லை. வயல் வைத்திருப்பவர்களுக்குச் சம்பா அறுவடைக்குப் பிறகு, ஜூனில் மேட்டூர் திறக்கும் முன் வரும் மாதங்கள் தோதானவை. அதிலும் பிப்ரவரி, மார்ச்சில் கடலும் அமைதியாக இருக்கும்.

5 இரவு வேண்டாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு நிலையில்தான்: மூடிய அறையில் மூச்சு முட்டும் சுபாவம் உங்கள் இருவரில் யாருக்காவது இருந்தால். அப்போது யோசிக்காமல் 3 இரவு பால்கனி.

பணம் கட்டும் முன் மூன்றைச் சரிபாருங்கள். டிப்ஸ் பெரும்பாலும் ஆளுக்கு, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று தனியாக ஏறும், துறைமுக வரியும் உண்டு, ஆகவே மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். சில 5 இரவுப் பயணங்கள் இரண்டு சின்னப் பயணங்களை ஒட்டியவை. நடுவில் மறுபடி சிங்கப்பூருக்கே வருகிறதா என்று அட்டவணையில் பாருங்கள், அப்படியென்றால் வேறு தேதி தேடலாம். கப்பலில் போய்த் திரும்புவதும் சிங்கப்பூருக்குள் இன்னொரு முறை நுழைவதுதான், அதனால் நான்கு பேர் விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.