600 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா? கேள்வி பதில்

தெம்பனிஸ் வாசகர்: அண்ணே, என்னிடம் இருப்பது 55-210 மி.மீ. லென்ஸ். பத்தவில்லை. சோனி 200-600 வாங்கிவிடவா?

கடைசியாக எடுத்த ஐந்நூறு படங்களைத் திறந்து, எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் 210-இல் முட்டி நிற்கிறதா? அதையும் வெட்டித்தான் போடுகிறீர்களா? அப்படியென்றால் யோசிக்கலாம். 55-210 போட்டிருப்பதால் உங்களுடையது ஏபிஎஸ்-சி கேமரா, அதாவது முழு பிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ளது. அதில் 400 போட்டாலே முழு பிரேமில் 600 காட்டும் அளவுக்குக் கிட்டே தெரியும்.

ஈசூன் வாசகி: சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் 600-இல்தான் எடுக்கிறேன். மீன்கொத்தி எப்போதும் மங்கல். லென்ஸில் கோளாறா?

எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? பதினொரு மணிக்கு மேல் சேற்றுப் பரப்பில் அனல் எழும்பிக் காற்றே நெளியும். தூரத்துப் பறவை அதில் கரைந்துவிடும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. காலை ஏழரைக்கு அங்கே இருங்கள். ஷட்டர் வேகத்தை உட்கார்ந்த பறவைக்கு 1/800 நொடி, பறப்பதற்கு 1/2000 வையுங்கள். 600-இல் லென்ஸின் திறப்பு எஃப் 6.3-தான், வெளிச்சம் குறைவாகவே வரும்; அதனால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறத்தான் செய்யும், ஏறட்டும்.

அப்புறம் ஏர்கான். குளிர்ந்த லென்ஸ் வெளிப் புழுக்கத்துக்கு வந்ததும் ஆவி படியும். நான் முதல்முறை ஏர்கான் டாக்சியிலிருந்து இறங்கியதும் லென்ஸை வெளியே எடுத்தேன். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கொத்தி ஒன்று கம்பியில் பத்தடி தூரத்தில். கண்ணாடி முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கப் படிந்தது. அது மீனையும் பிடித்து, அடித்துத் தின்றுவிட்டுப் போயே விட்டது. பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறங்கள்.

தைப்பூசக் காவடியைப் படம் எடுக்க இந்த லென்ஸ் உதவுமா?

உதவாது. காவடி போகும் வழியில், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை எங்கே நின்றாலும் நடுவில் யாராவது ஒருவர் தோள் வரும். 35 மி.மீ. லென்ஸ் போதும்.

கை தாங்குமா அண்ணே? வயது ஐம்பத்தெட்டு.

200-600 மட்டும் 2.1 கிலோ, கேமரா தனி. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டைப் பையில் போட்டுக் கண் உயரத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். நடுங்கினால் மோனோபாட், அதாவது ஒற்றைக்கால் தாங்கி. அதுவும் வேண்டாமென்றால், நீங்கள் கேனன் ஆர்எஃப் வகைக் கேமரா ஆளாக இருந்தால் ஆர்எஃப் 100-400 லென்ஸ் இருக்கிறது, 635 கிராம்தான். வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது?

உலர் பெட்டியில், ஈரப்பதம் 40-50 விழுக்காடு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அலமாரியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்த 200-600 நீளம் 318 மி.மீ., பெட்டி வாங்கும்போது உள்ளளவை அளந்துகொள்ளுங்கள்.