ஈஸ்டில் குரோமோசோம் முனைகளை டெலோமரேஸ் எப்படிக் காக்கிறது?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கேட்டது என்றே நினைக்கிறேன். நான் பேராசிரியர் அல்லன். முள்ளியவளைப் பக்கம் வெதுப்பகம் நடத்துகிறேன். பாண் சுடுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்க வருபவர்களுக்கு ஒன்று: மதுவத்தோடு, அதாவது ஈஸ்டோடு, உங்களைவிட அதிக இரவுகள் விழித்திருந்தவன் நான்.

போன வருடம் என் மகளும் இதே கேள்வியோடு வந்தாள். சப்பாத்து நாடாவின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குழல்தான் டெலோமரேஸ் என்று அவளுடைய ரியூசன் குறிப்பில் இருந்தது. பிழை. குழல் என்றால் அது டெலோமியர், குரோமோசோமின் முனையில் இருக்கும் காப்பு. டெலோமரேஸ், தேய்ந்ததை மறுபடி நீட்டிவிடும் நொதியம். "கிடுகு வேலியை வருடா வருடம் அடைக்கிற ஆள் மாதிரி" என்றேன். "எங்கள் வேலி தகரம், அப்பா" என்றாள்.

மதுவத்துக்கு 16 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), 32 முனைகள். ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 300 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குத் தைமினும் குவானினும் ஒழுங்கில்லாமல் அடுக்கியிருக்கும். டிஎன்ஏயைப் பிரதி எடுக்கும் நொதியத்தால் கடைசி நுனிவரை போக முடியாது. டெலோமரேஸ் இல்லையென்றால் கலம் (செல்) பிரியும் ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 எழுத்துவரை தேயும். டெலோமரேஸ் தனக்குள்ளேயே ஓர் ஆர்என்ஏ அச்சை வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் குறைந்ததைச் சேர்க்கிறது. மிகவும் கட்டையாகிப்போன முனையைத்தான் முதலில் கவனிக்கும். நுனியில் சிடிசி13 என்ற புரதம் குந்தியிருக்கும். அது டெலோமரேஸை அழைத்து வருவதோடு, கலம் அந்த நுனியை அறுந்த இடம் என்று எண்ணிவிடாமலும் தடுக்கிறது.

டெலோமரேஸை நீக்கினால் மதுவம் உடனே சாகாது. ஐம்பது அறுபது தலைமுறை ஓடித்தான் தளரும். நல்ல தீனி கிடைத்து ஒன்றரை மணிக்கு ஒருமுறை பிரிந்தால் நான்கு நாள் கணக்கு. நானோ பழைய மாவில் ஒரு பிடி எடுத்துப் புது மாவில் பிசைந்து வாரக்கணக்கில் ஓட்டுகிறேன், டெலோமரேஸ் இருப்பதால் இன்னும் பொங்குகிறது.

டெற்றாஹைமினா என்ற குளத்து நுண்ணுயிரின் முனைகளை மதுவத்தில் பொருத்தி, அவை அங்கும் காக்கின்றன என்று 1982இல் காட்டியவர்கள் எலிசபெத் பிளாக்பர்னும் ஜாக் சோஸ்டாக்கும். டெலோமரேஸின் முதல் தடயத்தைக் கரோல் கிரைடர் பார்த்தது 1984 நத்தார் அன்று. (நத்தாரன்று வேலை செய்வது வெதுப்பகக்காரர் மட்டும் என்றிருந்தேன்.) மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்த 2009 ஒக்டோபரில் நாங்கள் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றோம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தபோது உயிரியல் ஆசிரியர் கஷ்டப் பிரதேச சேவை முடிந்த கையோடு இடமாற்றம் வாங்கிப் போனார். பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் மகளின் வகுப்பிலும் அதேதான் நடந்தது. புதியவர் வரும்வரை மரபியலை அவள்தான் மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள், கிடுகு வேலியை வைத்தே.