சிபி ஆன்டெனாவை 10 மீட்டருக்கு மாற்றுவது: கேட்டவையும் சொன்னவையும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் ஆட்கள் பலர் வீட்டில் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவின் ஆன்டெனா ஒன்று சும்மா கிடக்கிறது. அப்பாவோ மாமாவோ லாரி ஓட்டிய காலத்தில் வாங்கியதாக இருக்கும். 27 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்த அதை, உரிமம் வாங்கிய ஆர்வலர்கள் பேசும் ஹாம் வானொலியின் 10 மீட்டர் பட்டைக்கு, அதாவது 28.0 முதல் 29.7 மெகாஹெர்ட்ஸ் வரைக்கு, மாற்ற முடியுமா என்பதுதான் முக்கால்வாசிக் கேள்வி. முடியும். கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே அளவில் பதில் வராது, கோபிக்க வேண்டாம்.

ஃபீனிக்ஸிலிருந்து: ஐயா, கூரையில் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனா நிற்கிறது. அடியிலிருந்து பக்கவாட்டில் விரியும் நான்கு ரேடியல் கம்பிகள். எத்தனை சென்டிமீட்டர் வெட்ட வேண்டும்?

71.3 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலையின் நீளம் மீட்டரில் வரும். சிபியின் நடுச் சேனலான 27.185க்கு 2.62 மீட்டர். 10 மீட்டர் பட்டையின் 28.4க்கு 2.51. வித்தியாசம் 11 சென்டிமீட்டர். சரி, பிளேடை எடுக்காதீர்கள், இன்னும் முடிக்கவில்லை.

இந்தக் கணக்கு வெட்டவெளியில் நிற்கும் மெல்லிய கம்பிக்கு. உங்கள் குழாயின் தடிமன், கூரைத் தகரம், பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து அந்த 11 சென்டிமீட்டரை ஏழாகவும் ஆக்கும், பதினான்காகவும் ஆக்கும். அதனால் முதலில் ஆன்டெனா இப்போது எந்த அதிர்வெண்ணில் ஒத்திசைகிறது என்று பாருங்கள். நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவுக் கருவி இருந்தால் ஒரு நிமிட வேலை. சாதாரண எஸ்டபிள்யூஆர் மீட்டர் (பொருத்தமில்லாமல் சக்தி திரும்பி வருவதைக் காட்டுவது; 1 என்றால் முழுப் பொருத்தம்) மட்டும்தான் என்றால் சிபி செட்டை வைத்தே சேனல் 1, 20, 40 மூன்றிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சேனல் 1இல் குறைவு, 40இல் அதிகம் என்றால் ஆன்டெனா சிபிக்கே நீளம். தலைகீழாக இருந்தால் ஏற்கெனவே குட்டை, உங்கள் வேலை குறைந்தது.

அடுத்து, உங்கள் ஆன்டெனா ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழையும் ரகம் என்றால் வெட்டவே வேண்டாம். கிளாம்பைத் தளர்த்தி உள்ளே தள்ளுங்கள். பழைய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் சிபிக்குத் திரும்பலாம். ஒரே குழாய்தான் என்றால் இரண்டு இரண்டு சென்டிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு தடவையும் அதே உயரத்தில் ஏற்றி அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸ் நகரும். ரேடியல்களையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு மேல் கம்பியையே வெட்டி வெட்டிக் குட்டையாக்குகிறார்கள்.

ஏற்றி இறக்கும்போது மேலே பாருங்கள். ஆன்டெனாவும் கம்பமும் சேர்ந்த நீளம் எவ்வளவோ, அதைப்போல் இரு மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

டொங்காட்டிலிருந்து: என்னுடையது ஐந்தரை மீட்டர் வெள்ளைக் கண்ணாடியிழைக் கம்பு. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. அறுக்கலாமா?

அறுக்காதீர்கள். அது பெரும்பாலும் அடியில் ஊட்டப்படும் அரை அலை ஆன்டெனா. அடிப்பகுதியில் திருகும் இரண்டு வளையங்கள் இருக்கும். அவற்றை நகர்த்தினாலே இந்த ரகத்தில் பலவும் 10 மீட்டரின் கீழ்ப்பாதிக்கு வந்துவிடும். இவற்றின் கோளாறு வேறு: ரேடியல் இல்லாததால் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னல் தானும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். டிவி அழும், மைக் உதட்டைச் சுடும். ஆன்டெனாவுக்கு நேர் கீழே கேபிளை 12 சென்டிமீட்டர் விட்டத்தில் எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

இசிப்பிங்கோவிலிருந்து: அண்ணா, பாக்கி என்கிற பிக்கப் வண்டியில் மாட்டும் 1.2 மீட்டர் ஃபைபர் விப், வளையும் கம்பு ஆன்டெனா. இதிலும் 11 செ.மீ. தானே?

இதைத்தான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த மாதிரி விப்பில் கம்பி நேராக ஓடாது, சுருளாகச் சுற்றியிருக்கும். உச்சியில் சுற்றுகள் நெருக்கம். நான் கார் ஷெட்டில் நின்று, கணக்கு தெரிந்த மிதப்பில், ஒரே இழுப்பில் 11 சென்டிமீட்டர் அறுத்தேன். தரையில் விழுந்த துண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முழம் முழமாகத் தாமிரக் கம்பி. ஒத்திசைவு 10 மீட்டரைத் தாண்டி எங்கோ போய்விட்டது. இன்று அந்த விப் பின்கட்டில் பாகற்கொடிக்குக் கொம்பாக நிற்கிறது. நீங்கள் உச்சித் தொப்பியைக் கழற்றி, ஒரு சுற்று எடுத்து அளந்து, அப்புறம் அடுத்த சுற்றுக்குப் போங்கள். எஃகு விப்பும் நடுவில் காயிலும் (கம்பிச் சுருள்) உள்ள ரகம் என்றால் காயிலுக்கு மேலே உள்ள துண்டை மட்டும் ஐந்து ஐந்து மில்லிமீட்டராக.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: லைசென்ஸ் எடுக்கவில்லை. சிபி செட்டையே பத்து மீட்டருக்குத் திறந்து பேசலாமா?

கூடாது. தென்னாப்பிரிக்க ரேடியோ லீக் நடத்தும் ஆர்ஏஇ என்ற ஹாம் தேர்வு மே, அக்டோபர் மாதங்களில் வருகிறது. எழுதித் தேறி அரசின் ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசாவிடம் உரிமம் வாங்குங்கள். மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை. ஆன்டெனாவை அதுவரை தயார் செய்து வைக்கலாம்.

ரியூனியன் தீவிலிருந்து: இங்கேயும் இதே விதிதானா?

ஆன்டெனாவுக்கு இதே கணக்கு. விதிக்குப் பிரான்சின் அலைவரிசை அமைப்பான ஏஎன்எஃப்ஆர்.

லெனேசியாவிலிருந்து: எதற்கு இவ்வளவு பாடு? ஆன்டெனாவைத் தொடாமல் செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே டியூனர் என்ற பொருத்தும் பெட்டி போட்டால் எஸ்டபிள்யூஆர் 1.1 காட்டுகிறதே.

டியூனர் செட்டை ஏமாற்றும், ஆன்டெனாவை மாற்றாது. கேபிளில் திரும்பி வருவது திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும். 1.1 பெரிய சாதனையும் இல்லை. அலை வீசாமல் சக்தியை வெப்பமாக்கும் டம்மி லோடும் 1.1 காட்டும், அதை வைத்து யாரோடு பேசுவீர்கள்?

ஃபீனிக்ஸிலிருந்து இன்னொருவர்: எத்தனை செ.மீ. வெட்ட?

முதல் பதில்.

மீண்டும் லெனேசியா: டம்மி லோடு பேச்சு வேண்டாம் அண்ணா, கணக்கு போடுங்கள். 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், எஸ்டபிள்யூஆர் 2.5. டியூனர் போட்டால் எனக்கு என்ன நட்டம்?

போட்டேன். அந்தக் கேபிள் 28 மெகாஹெர்ட்ஸில், எல்லாம் பொருந்தியிருந்தாலே, 1.6 டெசிபெல் அளவுக்கு விழுங்குகிறது. எஸ்டபிள்யூஆர் 2.5 என்பதால் கூடுதலாகப் போவது அரை டெசிபெல். மறுமுனையில் கேட்பவர் காதுக்கு அது தெரியாது. இந்த இடத்தில் தம்பி சொல்வது சரி, நான்தான் பழக்கதோஷத்தில் கொஞ்சம் அதட்டிவிட்டேன்.

இரண்டு விஷயம் மட்டும். சிபி ஆன்டெனாவின் அடியில் உள்ள பொருத்தும் காயில் 4 வாட்டுக்கும் 12 வாட்டுக்கும் நினைத்துச் செய்ததாக இருக்கலாம். பொருத்தம் இல்லாத நிலையில் 100 வாட்டைத் தள்ளினால் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும் வாசனை வரும். அப்புறம், அதே டியூனர் தைரியத்தில் 40 மீட்டர் பட்டைக்குப் போகாதீர்கள். அங்கே அது அரை டெசிபெல் கதை இல்லை, பெரும்பகுதி வெப்பமாகிவிடும்.

மெர்பேங்கிலிருந்து: உங்கள் இருவர் சண்டையில் எனக்குக் குழப்பம். 2.5 நல்லதா கெட்டதா?

திரும்பி வரும் சக்தி 1.5க்கு 4 சதவீதம், 2க்கு 11, 3க்கு 25. இப்போதைய செட்கள் பலவும் 2ஐத் தாண்டினால் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டியூனரின் உண்மையான உபயோகம் அந்த இடத்தில்தான். நீளமான மெல்லிய கேபிள் எஸ்டபிள்யூஆரைக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். போன சக்தியும் தேய்கிறது, திரும்புவதும் தேய்கிறது, மீட்டர் சிரிக்கிறது.

அமன்சிம்டோட்டியிலிருந்து: காற்று அடித்தால் மட்டும் எஸ்டபிள்யூஆர் துள்ளுகிறது.

கடற்காற்று. குழாய் இணைப்புகளில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும். கழற்றி, மணல்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே நீர்புகா டேப் சுற்றுங்கள். கேபிள் முனையில் தாமிரம் கறுத்திருந்தால் அரை மீட்டர் வெட்டிப் புதிதாகக் கனெக்டர் வையுங்கள். குரங்குகள் ஊஞ்சலாடும் வீடு என்றால் முதலில் கிளாம்பைப் பாருங்கள். என் வீட்டில் ரேடியல் ஒன்றை வளைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தே மாம்பழம் தின்றன.

சாட்ஸ்வொர்த்: காவடி அன்று தொண்டர்கள் பேசிக்கொள்ள இது உதவுமா?

உதவாது. அதற்குக் கையடக்க யுஎச்எஃப் வாக்கி டாக்கி வாடகைக்கு எடுங்கள்.

மொரீஷியஸிலிருந்து: மாற்றிவிட்டேன். பேச யாரும் இல்லாதபோது வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

நல்ல கேள்வி. 28.200இல் வையுங்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து பீக்கன்கள், அதாவது தானாக ஒலி அனுப்பும் நிலையங்கள், பத்துப் பத்து விநாடி முறை வைத்து மோர்ஸில் தம் பெயரைச் சொல்லும். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. பெயருக்குப் பின் நான்கு நீள ஒலி: 100 வாட், 10, 1, கடைசியாக பத்தில் ஒரு வாட். இந்தப் பட்டியலில் பிரிட்டோரியாப் பக்கத்து நிலையம் உண்டு, கொழும்பும் உண்டு. கொழும்பின் ஒரு வாட் ஒலி உங்களுக்குக் கேட்டால் ஆன்டெனாவைப் பற்றிக் கவலைப்படாமல் தூங்கலாம். ஒன்றுமே கேட்காவிட்டால் உடனே ஹேக்சாவைத் தேடாதீர்கள், 10 மீட்டர் பட்டை பகலில் திறந்து இரவில் மூடும் கடை. பட்டை திறந்திருந்த ஒரு மத்தியானம் பத்து வாட்டில் நான் இங்கிருந்து ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்காரர் ஒருவரோடு மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

ஸ்டாங்கரிலிருந்து: ஐயா, எத்தனை செ.மீ...

பென்சில் கோடு போட்டாயிற்றா? மேலே மின்கம்பி இருக்கிறதா பார்த்தாயிற்றா? முதல் பதில்.