பாதி கார், பாதி புல்லட்: முழு வழக்கு வேண்டாம்

கேள்வி: கும்பகோணம் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர் மாருதி 800-இன் முன்பாதியோடு புல்லட்டின் எஞ்சினையும் பின்சக்கரத்தையும் சேர்த்து மூன்று சக்கர வண்டி ஒன்று செய்திருந்தார். பார்த்ததும் மயங்கி, 1,70,000 ரூபாய்க்குப் பேசி, 1,20,000 கொடுத்து ஓட்டி வந்துவிட்டேன். ‘பேப்பர் பக்கா’ என்று புல்லட்டின் ஆர்சியைத் தந்தார். இப்போது பெயர் மாற்ற முடியாது என்கிறார்கள். அவரோ மீதிப் பணம் கேட்டு, என் மைத்துனர் முன்னால் என்னை ஏசினார். மோசடி வழக்குப் போடலாமா?
- வாசகர், வலங்கைமான்

பதில்: அவர் ஏசியதும் மைத்துனர் பார்த்ததும் வழக்குக்கு உதவாது. வண்டியின் அழகும் அப்படித்தான். நம்பர் பிளேட்டில் இருப்பது புல்லட்டின் எண். நீங்கள் ஓட்டுவது புல்லட் அல்ல. விஷயம் இவ்வளவுதான்.

ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மோசடிப் புகார் கொடுத்தால் முதலில் ஸ்டேஷன் வாசலுக்குப் போவது உங்கள் வண்டி. அதைச் சாலையில் ஓட்டியதாகப் புகாரில் நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள்.

நான் பயப்படுவது அதற்கும் அல்ல. ‘ஆற்றங்கரையில் மட்டும்தான் ஓட்டுகிறேன் சார்’ என்று பலர் சொல்வார்கள். பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள கரையும் சட்டப்படி பொது இடம்தான். நடவு முடிந்து திரும்பும் ஒரு பெண்மீது வண்டி மோதினால் என்ன ஆகும்? என் கட்சிக்காரர் ஒருவர் பைக்கோடு தள்ளுவண்டியைப் பொருத்தி ஓட்டி, இப்படித்தான் மாட்டினார். காப்பீட்டு நிறுவன வக்கீல் அதிகம் பேசவில்லை. ஆர்சி நகலையும் வண்டியின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘நாங்கள் காப்பீடு கொடுத்தது இதில் எதற்கு?’ என்றார். இவரால் வாய் திறக்க முடியவில்லை. ‘நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கட்டும்’ என்று தீர்ப்பாயம் சொன்னாலும், கடைசியில் ஜப்திக்கு வருவது நம் நஞ்சைதான். சாவு நேர்ந்தால் கிரிமினல் வழக்கு தனி.

சரி, உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. ஆர்சி இன்னும் பட்டறைக்காரர் பெயரில்தானே? ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாளை விபத்து நடந்தால் நஷ்டஈட்டு வழக்கில் ஓட்டிய உங்களோடு அவரும் நிற்க வேண்டும். இதைச் சத்தம் போடாமல் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். 50,000 கேட்கும் குரல் இறங்கிவிடும்.

அப்புறம் ராஜியாகப் போங்கள். வண்டியையும் ஆர்சியையும் திருப்பிக் கொடுங்கள். 80,000 வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணமும் வேண்டும் என்று சிவில் கோர்ட்டுக்குப் போனால், ‘தெரிந்தேதானே வாங்கினீர்கள்’ என்பதுதான் முதல் குறுக்குக் கேள்வி. செக் வேண்டாம், ரொக்கமாகவோ வங்கி மூலமாகவோ வாங்குங்கள். ஒப்படைத்த ரசீதில் எஞ்சின் எண், சேஸிஸ் எண், தேதி, நேரம் எல்லாம் இருக்கட்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். லோடு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். மைத்துனர் வர வேண்டாம்.